கென்யாவுக்கு இரண்டு பேர்

பயணச்சீட்டு விற்பவனுக்குத் திசைகள் தெரிந்தால் போதும் என்று எண்ணுகிறவர்கள், மார்த்தாண்டத்தில் என் நாற்காலியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பியே தேய்ந்த நாற்காலி அது. வேலைக்குப் போகிறவர்களை அனுப்புவது எளிது. மகிழ்ச்சிக்குப் போகிறோம் என்று வருகிறவர்களை அனுப்புவதுதான் தவம். இத்தவத்தில் என்னோடு வாடும் சக முகவர்களே, லாரன்ஸ் அண்ணனையும் செலின் அக்காவையும் நான் கென்யாவுக்கு அனுப்ப முயன்ற வரலாற்றைக் கேளுங்கள், கேட்டுத் திருந்துங்கள்.

எதற்கு அவ்வளவு தூரம்?

அண்ணன் புதுக்கடைக்கு அப்பால் கடற்கரை ஊர்க்காரர். வளைகுடாவில் இருபத்தாறு ஆண்டுகள் கிரேன் ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று திரும்பியவர். ‘ஒருநாள் உன்னையும் வெளிநாட்டுக்குக் கூட்டிப்போவேன்’ என்று ஒவ்வொரு விடுமுறையிலும் மனைவிக்கு வாக்களித்தவர். வாக்கு என்பது கொடுத்தவர் மறப்பதற்கும் பெற்றவர் காத்துவைப்பதற்கும் உரியதல்லவா? அக்காதான் அவரை என் அலுவலகத்துக்கு இழுத்துவந்தார். மேசையில் கிடந்த படங்களில் கென்யாவின் மொம்பாசாக் கடற்கரையைத் தொட்டுக்காட்டினார்.

படத்தில் தென்னை, வெள்ளை மணல், பாய்மரப் படகு. அங்கேயும் மரவள்ளிக்கிழங்கு அவிப்பார்கள், மீனில் தேங்காய்ப்பால் ஊற்றுவார்கள் என்று தகவல் சொன்னேன். “இதையெல்லாம் உங்கள் வீட்டு வாசலில் நின்றே பார்க்கலாமே, அக்கா” என்று தொழிலுக்கு விரோதமாக உண்மையும் பேசினேன். அவர் படத்திலிருந்து விரலை எடுக்கவில்லை. “இருக்கட்டு தம்பி. அங்க மீன் ஆஞ்சு கழுவதுக்கு என்னைய யாரும் விளிக்க மாட்டாவ.”

வேன் நிறையும்வரை

நம் மாவட்டத்தில் இரண்டு பேர் மட்டும் சுற்றுலா போவது ஏறக்குறைய ஒழுக்கக்கேடு. ஆகவே வேளாங்கண்ணிக்கு வேன் பிடிப்பதுபோல அண்ணன் கென்யாவுக்கும் ஆள் சேர்த்தார். தம்பி, தம்பி மனைவி, கொழுந்தியாள், கொழுந்தியாளின் மாமியார் எனப் பட்டியல் பதினொன்றைத் தொட்டது. கேஸ் அடுப்பை விமானத்தில் எங்கே வைப்பார்கள் என்றுகூட ஒருவர் விசாரித்தார். அந்த அடுப்பின் முன்னால் யார் நிற்கப்போகிறார் என்பது செலின் அக்காவுக்குத் தெரிந்திருந்தது.

பிறகு ஒருவருக்குச் சிங்க பயம், இன்னொருவருக்குக் கோழிகளுக்குத் தீனி போட ஆளில்லை. உறவின் ஆழத்தை அளக்க விரும்புகிறவர்கள் ஒருமுறை பாஸ்போர்ட் கேட்டுப் பாருங்கள். ஒவ்வொருவராக உதிர்ந்து, பழைய இருவரே மிஞ்சினார்கள். நான் மனமார வாழ்த்த, அண்ணன் முகம் கறுத்தது. “ரெண்டு பேரு மட்டும் போனா ஊரு என்ன பறையும்? இந்த வயசுல ஓடிப்போயிட்டாவன்னுல்லா பறையும்?”

ஆப்பிரிக்கா என்னும் ஊர்

ஒருவர் வளைகுடாவுக்குக் கிளம்பினால், அங்கிருக்கும் தம் பிள்ளைகளுக்கு அண்டைவீட்டார் பொதி கொடுத்துவிடுவது நம் வழக்கம். நல்ல வழக்கம்தான், ஆனால் நல்ல வழக்கத்துக்கும் ஒரு வரைபடம் தேவைப்படுகிறது. அண்ணனின் பக்கத்துவீட்டு மேரி அக்கா, நெத்திலிக் கருவாடும் ஏத்தங்காய்ச் சிப்ஸும் அடைத்து, கயிறு சுற்றி, மகன் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதிய பெட்டியோடு என் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். மகன் இருப்பது நைஜீரியாவில்.

அது கண்டத்தின் மறுகரை, நடுவில் பல தேசங்கள் இருக்கின்றன என்று படம் விரித்து அரைமணி நேரம் அறிவூட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பெட்டியை என் பக்கம் தள்ளினார். “எல்லாம் ஆப்பிரிக்காதான மக்கா? எறங்கினதும் ஒரு போன் போடச் சொல்லு. அவன் பைக்குல வந்து வாங்கிட்டுப் போவான்.”

ஓர் உவமையின் வீழ்ச்சி

கென்யாவுக்குப் போய்வருகிறவர் மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட அட்டை வைத்திருக்க வேண்டும். போட்டுப் பத்து நாள் கழிந்தால்தான் அட்டை செல்லும். அட்டை இல்லையேல், திரும்பும்போது நம் விமான நிலையத்திலேயே மறித்துத் தனியே வைத்துவிடுவார்கள். ஊசிக்குத் தூத்துக்குடி போகவேண்டும். மூன்று முறை நாள் குறித்தேன். முதல்முறை அண்ணனுக்குத் திருவிழாக் கமிட்டி, இரண்டாம்முறை முதுகுவலி, மூன்றாம்முறை போனையே அணைத்துவிட்டார்.

நேரில் போய் உவமை சொன்னேன். ஒருவன் ஆண்டுதோறும் தன் வள்ளத்துக்குச் சாயம் பூசினான். கரையில் வைத்து அழகு பார்த்தானே ஒழிய ஒருநாளும் கடலில் இறக்கவில்லை. கடைசியில் கறையான் தின்றது என்று குரல் தழுதழுக்க முடித்தேன். அண்ணன் அக்கறையோடு கேட்டார். “அந்த ஆளுக்க எஞ்சின் என்ன ஆச்சு தம்பி? விக்கியானா?”

தூத்துக்குடி வாசலில்

பயணத்துக்குப் பதினொரு நாளே இருந்தபோது, இருவரையும் என் காரில் ஏற்றி நானே ஓட்டினேன். அஞ்சுகிராமம் தாண்டியதும் அண்ணனுக்கு வேர்த்தது. தடுப்பூசி மையத்தின் வாசலில் இறங்க மறுத்தார். உண்மை அப்போதுதான் வெளியே வந்தது. அவர் வளைகுடாவிலிருந்து விரும்பித் திரும்பியவர் அல்லர். கம்பெனியின் மருத்துவச் சோதனையில் சர்க்கரை மிகுதி என்று ‘அன்ஃபிட்’ முத்திரை குத்தி அனுப்பிவிட்டிருக்கிறார்கள். இங்கும் ரத்தம் எடுத்து, மனைவியின் கண்ணெதிரே அதே முத்திரையைக் குத்துவார்கள் என்று அஞ்சியிருக்கிறார். என் நாவில் தயாராக நின்ற உபதேசத்தை, வாழ்க்கையில் முதன்முறையாக, விழுங்கினேன்.

செலின் அக்கா கார் கதவைத் திறந்து பிடித்தார். “சர்க்கரைன்னு எனக்குத் தெரியாதாக்கும்? மாத்திரைய ஷேவிங் செட்டுக்க அடியில ஒளிச்சு வச்சிருக்கதும் தெரியும். எறங்குங்க.”

உள்ளே மருத்துவர் நாலு கேள்வி கேட்டார், ஓர் ஊசி போட்டார்கள், அவ்வளவுதான். வெளியே வந்த அண்ணன் மஞ்சள் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்து, “இதுல ஃபிட்டுன்னு எங்க போட்டிருக்கு?” என்று கேட்டார். அக்கா அட்டையை வாங்கித் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். “அத நான் போட்டுத் தாறேன். வண்டியில ஏறுங்க.”

இருவரும் மொம்பாசா போய் நலமாகத் திரும்பினார்கள். நானோ, ஊர்ச் சொல்லுக்கும் முத்திரைக்கும் அஞ்சுகிறவரை விமானம் ஏற்றும் ஆற்றல் அறவுரைக்கு இல்லை, அவர் மனைவிக்கே உண்டு என்று உணர்ந்து, என் அலுவலகத்தில் அறிவுரை சொல்லும் நேரத்தைப் பாதியாகக் குறைத்திருக்கிறேன்.