அசையாத குஞ்சுகள்

சாமத்தியவீடுகளிலும் கலியாணவீடுகளிலும் படம் எடுப்பது என் தொழில். இத்தனை வருடத்தில் நான் அதிகம் சொன்ன சொல் "அசையாதேங்கோ" என்பதுதான். ஒருவரும் கேட்டதில்லை. மாமிமார் சேலையை இழுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை சரியான நேரம் பார்த்துக் கண்ணை மூடுவார். அந்த அலுப்பில்தான் வேலை இல்லாத நாட்களில் பறவைகளைத் தேடிப் போகத் தொடங்கினேன். முகம் கறுப்பாய் விழுந்துவிட்டது என்று அவை சண்டைக்கு வருவதில்லை.

போன வைகாசியில் கரவெட்டியில் மனைவியின் தாய்வீட்டில் நின்றோம். நீரேரிக் கரையில் ஆக்காட்டிக் குருவி ஒன்று குஞ்சு பொரித்திருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விடியவே இருவரும் போனோம். தண்ணீர் வற்றிய வெளியில், சிப்பி ஓடுகளுக்கு நடுவே இரண்டு குஞ்சுகள். முதல் நாள்தான் பொரித்திருக்க வேண்டும். வெளிச்சம் நன்றாக விழும் பக்கமாக, பத்தடி தூரத்தில், பச்சைப் படங்கைப் போர்த்துக்கொண்டு குந்தினேன். என்னை இனி ஒன்றுக்கும் தெரியாது என்பது என் எண்ணம். மனைவி தள்ளி, பூவரச நிழலில் நின்றாள்.

தாய் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தியது. குஞ்சுகள் மண்ணோடு மண்ணாகப் படுத்துவிட்டன. ஒரு சிறகு அசையவில்லை. என் ஆயுளில் இப்படிச் சொல் கேட்ட ஆட்களை நான் படம் எடுத்ததில்லை. சந்தோசத்தில் நேரம் போனது தெரியவில்லை.

வெயில் ஏறியது. தாய் தண்ணீருக்குள் இறங்கி வயிற்றை நனைத்துக்கொண்டு குஞ்சுகளை நோக்கி ஓடி வரும். படங்கைக் கண்டதும் நின்று, கத்திக்கொண்டு திரும்பிவிடும். வயிற்றிலிருந்து சொட்டும் துளிகளைக்கூட நான் எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ, எடுத்தது காணும்," என்று மனைவி கூப்பிட்டாள். "அது குஞ்சுகளை நனைக்கத் தண்ணியோடை வருது. உங்களைக் கண்டுதான் திரும்புது. எழும்பி வாங்கோ."

"கொஞ்சம் பொறும். இன்னும் ரெண்டு படம். குஞ்சுகள் என்ன வடிவாய் அசையாமல் கிடக்குதுகள், பாரும்."

"அது கத்துமட்டும் அதுகள் அசையாதுகள். ஆபத்து எண்டெல்லோ தாய் சொல்லுது."

ஆக்காட்டி ஆளைக் கண்டால் கத்தும் என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். அந்த ஆள் நான்தான் என்பது எனக்கு உறைக்கவில்லை. இரண்டு படம் இருபதாகியது.

கடைசியில் கால் மரத்து எழும்பினேன். கிட்டப் போனேன். குஞ்சுகள் ஓடவில்லை. ஒன்றை விரலால் தொட்டேன். மண்ணைப் போலச் சுட்டது; கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. மற்றதும் அப்படியே.

நான் பூவரசடிக்குத் திரும்பியதும் தாய் ஓடி வந்தது. நனைந்த வயிற்றோடு அவற்றின் மேல் குந்தியது. அலகால் ஒவ்வொன்றாகச் சிறகுக்குள் தள்ளியது. மனைவி என்னைப் பார்க்கவில்லை. "போவம்" என்று மட்டும் சொன்னாள்.

இணுவிலில் எங்கள் வீட்டுக்குத் திரும்பிய பிறகு படங்களைக் கணினியில் போட்டுப் பார்த்தேன். அழுகை வந்தது, மறைக்கவில்லை. முந்நூறுக்கு மேல் இருந்தன. எல்லாவற்றிலும் குஞ்சுகள் ஒரே மாதிரித்தான் படுத்திருந்தன. எந்தப் படம்வரை அவற்றுக்கு உயிர் இருந்தது என்று தேடினேன். இன்றுவரை கண்டுபிடிக்க முடியவில்லை.