விழாத கியர்

என் சித்தப்பாவின் இடது கட்டைவிரல் நகம் கடைசிவரை கோணலாகவே வளர்ந்தது. அதற்குக் காரணம் நான். அவர் போய் இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லலாம் என்று போய் உட்காரும்போதெல்லாம் அவர் முந்திக்கொண்டு அந்த நகத்தைக் காட்டி, தன் கையாலேயே கியர் பெட்டியைச் சரிசெய்த கதையை ஆரம்பித்துவிடுவார். எனக்கு வாய் வராது. எழுபதை நெருங்கும் வயதில் இப்போது எழுதுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தில்லி கிட்வாய் நகரில் அப்பாவுக்குக் கிடைத்த அரசுக் குடியிருப்பில் எங்களோடு கல்யாணமாகாத சித்தப்பாவும் இருந்தார். அப்பா ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கொண்டிருக்க, சித்தப்பா ஒரு நாள் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரில் வந்து இறங்கினார். தூதரக வேலை முடிந்து ஊர் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் தள்ளிவிட்டுப் போன பழைய கார். மேலே மூடும் கித்தானை எலி தின்றிருந்தது. இரண்டே இருக்கைகள். அம்மா ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "மிச்சப் பேரு எல்லாம் எங்க உக்காரணும் கொழுந்தனாரே, சக்கரத்துலயா?" என்று கேட்டாள்.

அந்த இரண்டாவது இருக்கை எனக்குத்தான். கார் வெளியே வருவதே ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில்தான். அப்போது காதை மூடி மஃப்ளர் சுற்றிக்கொண்டு சித்தப்பா பக்கத்தில் உட்கார்ந்து போவேன். அந்த வயதில் அதற்கு மேல் ஒரு பதவி இருப்பதாக எனக்குத் தெரியாது.

டிசம்பரில் சித்தப்பாவுக்கு நிச்சயமாயிற்று. பெண் வீடு சரோஜினி நகரில். பெண்ணின் அப்பா ராணுவத்தில் வண்டிப் பிரிவு. நிச்சயம் முடிந்து வீடு திரும்பியதும் சித்தப்பா என் தலையைத் தட்டிச் சிரித்தார். "ஏல, இனிமே நீ பின்னாடி. முன் சீட்டுக்கு ஆள் வந்தாச்சு."

பின்னாடி என்று அவர் சொன்னது பெட்டி வைக்கும் ஒரு சாண் பலகை.

அன்று மத்தியானமே அரிவாள்மனையை எடுத்து என் பழைய நீல ஹவாய்ச் செருப்பின் குதிகாலை வெட்டினேன். கிளட்ச்சைத் தரையைத் தொடும்வரை மிதித்தால்தான் கியர் விழும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பாதான். தரையில் கிடந்த தடித்த ரப்பர் விரிப்பைத் தூக்கி, கிளட்ச்சுக்கு நேர் கீழே அந்தத் துண்டை வைத்து மூடினேன். மேலே பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. உள்ளே போய் இரண்டு தோசை அதிகமாகச் சாப்பிட்டேன்.

எங்கள் வீடுகளில் அப்போது ஒரு வழக்கம். நிச்சயத்துக்கும் கல்யாணத்துக்கும் நடுவில் மாப்பிள்ளையும் பெண்ணும் சேர்ந்து வெளியே போகக் கூடாது. பெரியவர்கள் மனம் இரங்கி ஒரே ஒரு தடவை கோயிலுக்குப் போய்வர அனுமதித்திருந்தார்கள். அதற்கும் காவலாக நான் பின்பலகையில் போக வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெண் தன் அப்பாவின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். சித்தப்பா இஸ்திரி போட்ட சட்டையில் காரில் ஏறி, கிளட்ச்சை மிதித்து, கியரைத் தள்ளினார். கர்ர்ர் என்று ஒரு சத்தம் வந்தது. மறுபடி தள்ளினார். சத்தம்தான் கூடியது. கியர் விழவில்லை.

எதிர்வீட்டுப் பஞ்சாபி மாமா வேர்க்கடலை உரித்தபடி வந்து, "சர்தீ ஹை பையா, தேல் ஜம் கயா" என்று குளிரின் மேலும் எண்ணெயின் மேலும் பழியைப் போட்டார். அப்பா, "இதுக்குத்தான் சொன்னேன்" என்றார். எதற்காக, என்ன சொன்னார் என்று அவர் சொல்லவில்லை. சித்தப்பா அந்தச் சட்டையோடே காருக்கடியில் போய்விட்டார்.

"நான் ஒரு தடவை மிதிச்சுப் பாக்கட்டுமா?" என்று பெண் கேட்டாள்.

அம்மா அதிர்ந்து போனாள். பெண்ணின் அப்பா சாதாரணமாக, "ஜீப்பே ஓட்டுவா, ஏறட்டும்" என்றார்.

அவள் ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை மிதித்தாள். மூன்றாவது தடவை புருவம் சுருங்கியது. குனிந்தாள். கை விரிப்புக்கு அடியில் போனதைப் பார்த்தேன். கை வெறுமையாக வெளியே வந்தது. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டு, "கியர் பாக்ஸுக்குள்ளதான் ஏதோ கோளாறுப்பா. ஒரு நாள்ல முடியற வேலையா தெரியல" என்றாள்.

ஜீப் ஓட்டுகிறாளாம், காலடியில் இருப்பது தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதன்பிறகு ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள். பெண் வெளியே போகத்தான் தடை. கெட்டுப்போன காருக்குப் பக்கத்தில், நாலு குடித்தனம் பார்க்க, பட்டப்பகலில் நிற்பதை யாரும் தடுக்கவில்லை. அவளுடைய அப்பாவே கருவிப்பெட்டியோடு அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, என் அப்பாவோடு சீட்டாடப் போய்விடுவார். சித்தப்பா கீழே படுத்துக்கொண்டு, "இப்ப மிதிங்க" என்பார். மேலிருந்து அவள், "மிதிச்சிட்டேன்" என்பாள். "இப்ப விடுங்க." "விட்டுட்டேன்." ஒரு மணி நேரம் இதே பேச்சுதான். நடுவில் இரண்டு பேரும் எதற்கோ சிரிப்பார்கள். மிதிக்கிறதில் என்ன சிரிப்பு என்று எனக்கு விளங்கவில்லை.

எண்ணெய் மாற்றினார்கள். கம்பிகளைக் கழற்றித் துடைத்து மாட்டினார்கள். மூன்றாவது ஞாயிறு சித்தப்பா கிளட்ச் கம்பியைக் கொஞ்சம் இழுத்துக் கட்ட, கியர் இளகிவிட்டது. "அடுத்த வாரம் முடிஞ்சிரும்" என்று கத்தினார். அடுத்த வாரமோ அது முன்னைவிட இறுகிப்போயிருந்தது. அன்றைக்குத்தான் ஸ்பேனர் வழுக்கி அவர் கட்டைவிரல் நசுங்கியது. நகம் கறுத்து ரத்தம் வழிந்தது. அவள் ஓடிவந்து தன் கைக்குட்டையைக் கிழித்துக் கட்டினாள். சித்தப்பா வலியில் பல்லைக் கடிப்பார் என்று பார்த்தால், அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் பின்பக்கம் போய் அழுதேன். ஆனாலும் துண்டை எடுக்கவில்லை. அதை இப்போது எழுதவும் கூசுகிறது.

எடுக்க வைத்தவர் அப்பா. கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் வாங்கும் கபாடிக்காரரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் டயரை ஒரு உதை உதைத்துவிட்டு, நாளைச் சாயங்காலம் கைவண்டியோடு வருவதாகச் சொன்னார்.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாள் பாக்கேன்" என்றார் சித்தப்பா.

"மத்தியானம் வரைக்கும் பாரு. அதுக்குள்ள கியர் விழல, இது இரும்புக்குப் போகும். புதுப்பொண்ணு வார வீட்டு வாசல்ல இந்தப் பொணம் கெடக்கக் கூடாது."

சித்தப்பா கட்டுப்போட்ட விரலோடு பானெட்டைத் துடைக்கத் தொடங்கினார். இருக்கையைக் காப்பாற்றப் போய் காரையே தொலைத்துவிட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து ஓடிப்போய் விரிப்பைத் தூக்கினேன்.

அடியில் இரண்டு துண்டுகள் இருந்தன.

ஒன்று என் நீலத் துண்டு, கோணல்மாணலாக வெட்டியது. அதன்மேல் ரோஜா நிறத்தில் இன்னொன்று, ஓரம் பிசிறில்லாமல், அளவெடுத்து வெட்டியது. அந்த நிறச் செருப்பை நான் பார்த்திருக்கிறேன். சரோஜினி நகரிலிருந்து அவள் போட்டுக்கொண்டு வருவாள். கியர் இளகிய அந்த ஞாயிற்றுக்கு அப்புறம் வேறு செருப்பில்தான் வந்தாள். இரண்டையும் எடுத்து டிரவுசர் பைக்குள் திணித்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் வந்து ஏறினாள். "இப்ப மிதிங்க" என்றார் சித்தப்பா கீழேயிருந்து. மிதித்தாள். கால் தரை வரைக்கும் போயிற்று. அவள் கை சட்டென்று விரிப்புக்கு அடியில் போய், வெறுமையாகத் திரும்பியது. கியரைத் தள்ளினாள். வெண்ணெயில் கத்தி போட்டதுபோல் விழுந்தது.

"விழுந்துட்டா? விழுந்துட்டா?" என்று சித்தப்பா காருக்கடியில் தலையை இடித்துக்கொண்டார்.

"விழுந்துடுச்சு" என்றாள் அவள். பிறகு யாரிடமும் இல்லாமல், "அதுக்குள்ளயா?" என்றாள். அப்புறம் தலையைத் திருப்பி, இன்னும் புடைத்துக்கொண்டிருந்த என் டிரவுசர் பையைப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

சித்தப்பா பஞ்சாபி மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தார். அன்றிலிருந்து அவர் தன்னை ஒரு மெக்கானிக் என்று நம்பத் தொடங்கி, எங்கள் வீட்டு வரிசையில் மூன்று பேருடைய ஸ்கூட்டரைப் பிரித்துப் போட்டார். ஒன்றுகூடத் திரும்ப ஓடவில்லை. அந்தப் பாவமும் என் கணக்கில்தான்.

அனுமதித்த அந்த ஒரு பயணம் அன்று மத்தியானமே நடந்தது. நான் பின்பலகையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிர்பார்த்த அளவுக்குக் கோபம் வரவில்லை. எனக்கு வேறு யோசனை. நான் துண்டு வைத்தது அவளை அந்த இருக்கையில் உட்காரவிடாமல் செய்ய. அப்படியானால் அவள் வைத்தது? அவளுக்கும் யாரோ போட்டி இருக்க வேண்டும். ரிங் ரோடு நெடுக, சித்தப்பா பக்கத்து இருக்கைக்கு ஆசைப்படும் அந்த மூன்றாவது ஆள் யாராக இருக்கும் என்று, எதிரே வந்த ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே போனேன்.