பெண் பார்க்க வந்த நாளில் என் மூக்கு

இன்று பெண் பார்க்க வந்தவர்கள் முதலில் பார்த்தது என்னைத்தான். பட்டு வேட்டி, அதற்கு மேல் இரண்டு ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லா, நெற்றியில் வழியும் மிளகு எண்ணெய்.

காரணம் இருக்கிறது. மழைக்காலம் பிறந்தால் நான் தும்ம ஆரம்பித்துவிடுவேன். நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல் விழுந்தால் அபசகுனம். மகளுக்கோ பையனை ரொம்பப் பிடித்துவிட்டது.

அதனால் எங்கள் மலையூரான தானா ராத்தாவின் ஆயுர்வேத வைத்தியர் சொன்னபடி, பருவம் மாறும் முன்பே தயிரை விட்டேன். சுக்குக் கஷாயம் குடித்தேன். வெந்நீரில்தான் குளித்தேன். மூக்கு பளிச்சென்று ஆகிவிட்டது.

வெற்றிலைத் தட்டை மாற்றக் கை நீட்டினோம்.

"அச்சு!"

தும்மியது நானில்லை. மலையடிவாரத் தாப்பா ஊரின் வெயிலிலிருந்து நேரே இந்தக் குளிருக்கு ஏறி வந்த மாப்பிள்ளையின் அப்பா!

அவருடைய அக்கா எழுந்துவிட்டார். "சகுனம் சரியில்லலா தம்பி. இன்னொரு நாள் பேசுவோம்."

கதவோரம் மகளுக்குக் கண் கலங்கியது.

மனைவி என் விலாவில் இடித்தாள். "என்னங்க, சீக்கிரம் தும்முங்க! ரெண்டாச்சுன்னா நல்ல சகுனம்!"

எவ்வளவு முக்கியும் வரவில்லை. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு, "அச்சூ!" என்று கத்தினேன். குல்லாவே கழன்று விழுந்தது.

"அடேங்கப்பா, ரெட்டைத் தும்மல்!" என்று அக்கா உட்கார்ந்தார். தட்டு மாறியது.

கிளம்பும்போது சம்பந்தி என் கையைப் பிடித்தார். "உங்களுக்கும் சளியா சம்பந்தி? வைத்தியம் ஒண்ணும் பாக்கலியா?"

"பாக்கணும்," என்றேன்.

வைத்தியம் அமோகமாகப் பலித்திருப்பதை மட்டும் சொல்லவில்லை.