தொடுதிரையில் முதல் பெயர்

பழைய ஆவணங்களை ஸ்கேன் செய்து, யார் வேண்டுமானாலும் தொட்டுப் பார்க்கும்படி திரையில் அமைத்துத் தருவது என் தொழில். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கலரைப் பற்றியும் ஃபான்ட்டைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். வரிசையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. அதனால் திருச்சுழி ரோட்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

அகரவரிசை

அந்தப் பள்ளி ஊர் கூடிக் கட்டியது. யார் பணம் கொடுத்தார்கள், யார் மரம் கொடுத்தார்கள், யார் வேலை செய்தார்கள் என்று பழைய குறிப்புகள் இருந்தன. குடும்பங்கள் போட்டோக்களையும் காகிதங்களையும் இரவல் கொடுத்திருந்தன. பாதிதான் ஸ்கேன் ஆகியிருந்தது. பெயர்களை அகரவரிசையில் அடுக்கி, ஒரு பெயரைத் தொட்டால் அவருடைய ஆவணங்கள் விரியும்படி செய்து, பள்ளிக் கமிட்டியிடம் காட்டினேன்.

அருப்புக்கோட்டையில் நூல் கடை வைத்திருப்பவர் ஒருவர் திரையைத் தள்ளிக்கொண்டே போய், அடியில் தன் தாத்தாவைக் கண்டுபிடித்தார்.

"ஏம்மா, எங்க தாத்தா எப்படிக் கடைசில வந்தாக?"

"அகரவரிசை அண்ணாச்சி. அவுக பேரு வேலாயுதம்ல."

"அந்த வரிசைய யாரு போட்டது?"

முதலில் நின்ற பெயர் அருணாசலம். அவருடைய பேரன், எண்ணெய் மில்காரர், பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவருக்கு அகரவரிசையில் ஒரு குறையும் தெரியவில்லை.

நூல் கடைக்காரர் எழுந்துவிட்டார். "எங்க போட்டோ, காயிதமெல்லாம் எடுத்து வைங்க. வண்டி அனுப்புறேன்."

ஸ்கேன் ஆகாததில் பெரும்பகுதி அவர் வீட்டுக் காகிதம். அது போனால் பள்ளியின் கதையில் பாதி போய்விடும்.

ஷஃபிள்

அன்றைக்கே ஷஃபிள் போட்டேன். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பெயர்கள் கலைந்து, வேறு யாராவது முதலில் வருவார். இரண்டு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள். வண்டி வரவில்லை. எனக்கு உள்ளூர ரொம்பப் பெருமை.

கமிட்டிச் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், போன் செய்தார்.

"ரெண்டு வீட்டு ஆளுகளும் ஸ்கிரீன் முன்னாடியே நிக்கிறாகம்மா. அவுகவுக தாத்தா பேரு முதல்ல வர்ற வரைக்கும் அமுக்குறாக. வந்ததும் போட்டோ எடுத்து வாட்ஸப்புல போடுறாக."

"போகப் போகச் சரியாயிரும் சார்."

"திறப்பு விழா அன்னைக்கு யாரு முதல்ல வருவாக?"

"அது எனக்கே தெரியாது சார்."

"எங்க தாத்தா பேரு வரலேன்னா காயிதத்தோட எந்திரிச்சுப் போயிருவோம்னு ரெண்டு பேருமே சொல்றாக."

திறப்பு விழா

தலைமையாசிரியை திரையைத் தொட்டார். காளியம்மா என்று வந்தது. பணம் இல்லை, மரம் இல்லை. பள்ளிக் கிணறு வெட்டும்போது மண் சுமந்தவர் என்று மட்டும் இருந்தது. பிள்ளைகள் இன்றைக்கும் குடிப்பது அந்தக் கிணற்றுத் தண்ணீர்தான். சுற்றுவட்டாரத்தில் மற்றதெல்லாம் உப்பு.

"யாரு இவுக?" என்றார் நூல் கடைக்காரர்.

"தெரியல அண்ணாச்சி. வாரிசுன்னு யாரும் வரல" என்றார் செயலாளர்.

எண்ணெய் மில்காரர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவுகளே முதல்ல இருக்கட்டும்."

"இருக்கட்டும்" என்றார் நூல் கடைக்காரர்.

இருவரும் ஒரே பெயரில் ஒத்துப்போய் அன்றுதான் பார்த்தேன். ஷஃபிளை எடுத்துவிட்டு, காளியம்மாவை மேலே நிறுத்தி, மற்ற பெயர்களை அவருக்குக் கீழே வட்டமாகச் சுழலவிட்டேன். காகிதங்கள் முழுவதும் ஸ்கேன் ஆயின. மண் சுமந்தவருக்கு முதல் மரியாதை கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். உரிமை கொண்டாட ஆள் இல்லாததால்தான் கிடைத்தது என்பதில் கோபம். இரண்டோடும் மதுரை பஸ் ஏறினேன்.

சில மாதம் கழித்துச் செயலாளர் மறுபடி கூப்பிட்டார்.

"வீரசோழன் பக்கத்துல இருந்து ஒரு பொண்ணு, பிள்ளையச் சேர்க்க வந்துச்சும்மா. ஸ்கிரீனப் பாத்துட்டு, காளியம்மா எங்க அப்பத்தாங்குது. விசாரிச்சேன், நெசந்தான்."

"நல்ல விஷயம்தான சார்."

"நல்ல விஷயம்தான். ஆனா இப்ப ரெண்டு அண்ணாச்சியும் வரிசைய மாத்தணும்ங்கிறாக."

சுருக்கென்றது. "மாத்திரலாம் சார். எல்லாரும் சம்மதிச்சு வச்ச பேரு. அதனால மாத்தச் சொல்லி எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் குடுக்கட்டும்."

செயலாளர் உடனே கேட்டார்.

"யாரு முதல்ல போடுறது?"

"அத அவுகளே முடிவு பண்ணிச் சொல்லட்டும் சார்."

இன்னும் சொல்லவில்லை. கலரும் ஃபான்ட்டும் அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மாறிவிட்டன, முதல் பெயர் மட்டும் மாறவில்லை. காளியம்மாவின் கொள்ளுப்பேத்தி தினமும் அந்தத் திரையைத் தாண்டித்தான் வகுப்புக்குப் போகிறாள்.