கீழப்பாவூர்க் குளத்தில் மிதந்த மீன்கள்

அறுபதுகளின் தொடக்கத்தில், கீழப்பாவூர் பக்கம் நான் விவசாயிகளுக்குப் புது முறைகளைச் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவக்காக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. நெல்லில் குருத்துப்பூச்சி விழுந்திருந்தது. அலுவலகத்திலிருந்து எண்ட்ரின் என்ற பூச்சிமருந்து டின்கள் வந்தன. நானே வயல் வயலாகப் போய், எப்படிக் கலக்க வேண்டும், எப்படித் தெளிக்க வேண்டும் என்று செய்து காட்டினேன். தெளித்து முடித்தவர்கள் டின்னையும் ஸ்பிரேயரையும் பக்கத்து வாய்க்காலிலேயே கழுவினார்கள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்த வாய்க்கால் குளத்தில் போய் விழுகிறது என்பது என் புத்தியில் உறைக்கவில்லை.

மறுநாள் குற்றாலத்துச் சாரல் இங்கேயும் பலமாக அடித்தது. வயல் தண்ணீர் முழுக்கக் குளத்துக்குப் போயிற்று.

குளத்தங்கரையில் நாலு மீன்காரக் குடும்பங்கள் இருந்தன. குளத்து மீனைக் குத்தகைக்கு எடுத்துப் பிழைப்பவர்கள். ஒன்றிரண்டு வருஷமாகவே மீன் குறைந்து போனதாகப் புலம்பிக்கொண்டிருந்தார்கள். சாரல் அடித்ததற்கு மறுநாள் காலையில் அவர்களில் ஒரு பெண் என் அறை வாசலில் வந்து நின்றாள். ஏறக்குறைய என் வயதுதான் இருக்கும். விடியக்காலையில் குளம் முழுக்க மீன் மிதந்ததாகவும், வலையே வீசாமல் நாலு கூடை அள்ளியதாகவும், அதைத் தென்காசிச் சந்தைக்குக் கொண்டுபோக அவள் புருஷன் கிளம்பி நிற்பதாகவும் சொன்னாள்.

"ரெண்டு நாளா தவளகூட கத்தல சார். நீங்க படிச்சவுக. இந்த மீனத் திங்கலாமா? சும்மா சொல்லுங்க."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. டின்னில் போட்டிருந்த மண்டையோட்டுப் படம் கண்முன் வந்தது. அதோடு என் வேலையும் கண்முன் வந்தது. புது மழைக்குத் தண்ணீர் கலங்கினால் மீன் அப்படித்தான் செத்து மிதக்கும், ஒன்றும் செய்யாது என்று சொல்லிவிட்டேன். அவள் திரும்பிப் போனாள்.

பிட்ட இட்லியை அப்படியே தட்டில் போட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு தென்காசிக்கு மிதித்தேன். சந்தையில் ஒவ்வொரு மீன்காரரிடமாகக் கேட்டேன். கீழப்பாவூர் ஆட்கள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. வழியிலேயே விற்றுத் தீர்ந்திருக்குமோ என்று பயந்தேன். வந்த வழியே திரும்பி நேராகக் குளத்தங்கரைக்குப் போனேன்.

கரைக்குக் கீழே அவள் மண்வெட்டியால் ஒரு குழியை மூடிக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளி உட்கார்ந்திருந்தான். காலிக் கூடைகள் கவிழ்ந்து கிடந்தன. அது விஷம்தான், தெளிக்கச் சொன்னதும் நான்தான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன்.

அவள் மண்வெட்டியைக் கீழே போடவில்லை.

"தெரியும் சார். நீங்க என் மொகத்தப் பாக்காமச் சொன்னீய. வாங்கிட்டுப் போறவுக வீட்லயும் பிள்ளைய இருக்குல்லா."

அன்றைக்கு அவர்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று பிறகு தெரிந்தது. குளத்தில் மறுபடியும் மீன் பிழைக்க எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை, தெரியவில்லை என்றே சொன்னேன்.

அடுத்த வாரம் நடந்ததை நடந்தபடி எழுதி அலுவலகத்துக்கு அனுப்பினேன். பதில் வரவில்லை. வாய்க்காலில் டின் கழுவக் கூடாது என்று வயல் வயலாகப் போய்ச் சொன்னேன். சிலர் கேட்டார்கள், சிலர் சிரித்தார்கள். தை பிறப்பதற்குள் அந்த நாலு குடும்பமும் செங்கோட்டைப் பக்கம் மரம் சுமக்கப் போய்விட்டது. அந்தப் போகம் நெல் நன்றாகவே விளைந்தது. அலுவலகம் நடத்திய விவசாயிகள் கூட்டத்தில் என்னை மேடைக்குக் கூப்பிட்டுப் பாராட்டினார்கள்.

வேலை போய்விடக் கூடாதென்று நான் பொய் சொன்ன அதே காலையில், பசித்த வயிற்றோடு ஒருத்தி நாலு கூடை மீனையும் மண்ணில் புதைத்தாள். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் யார் என்னைப் படித்தவர் என்று சொன்னாலும் எனக்குக் கூசத்தான் செய்கிறது.