வாளி ஊர்வலம்

மலேசியாவில், சுங்கை பட்டாணி ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டே, இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகு, காஞ்சனா வார இறுதிப் பட்டப்படிப்பில் வரலாறு எடுத்துச் சேர்ந்தாள். கேட்டவர்கள் சிரித்தார்கள். கணவன் திவாகரன் மட்டும், "பிடிச்சதப் படி லா. சனிக்கிழமை சமையல் நான் பாத்துக்கறேன்" என்றான்.

முதல் கட்டுரை, கெடா மாநில ரப்பர் தோட்டங்கள் பற்றியது. விரிவுரையாளர் ஷாஹீதா அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"தப்பு எதுவும் இல்ல, காஞ்சனா. ஆனா நாலஞ்சு புத்தகத்த ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. இதுல நீங்க எங்க?"

காஞ்சனாவுக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனத்துக்குள் சண்டை போட்டாள். சண்டை ஓய்ந்தபோதுதான் சிறுவயதில் கேட்ட அந்தக் கதை நினைவுக்கு வந்தது. சுங்கை லாலாங் பக்கத்தில் அவள் பிறந்த தோட்டத்தில், அவள் பிறப்பதற்கு முன்பு, குழாயில் தண்ணீர் நின்றுபோனதாம். பெண்கள் காலி வாளிகளோடு துரை பங்களா முன்னால் போய் உட்கார்ந்தார்களாம். அவள் படித்த எந்தப் புத்தகத்திலும் அது இல்லை.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு புக்கிட் செலம்பாவ் போனாள். அங்கே நாசி லெமாக் சோற்றுக்கடை வைத்திருந்த பிரேமாவதி அந்தக் கூட்டத்தில் இருந்தவர்.

"கொளுத்துற வெயில்ல நடந்துதான் போனோம். ஆம்பளைங்க ஒருத்தரும் வரல" என்றார் பிரேமாவதி.

தோட்டத்தில் லோரி ஓட்டிய பக்கிரிசாமியோ அடித்துச் சொன்னார்: "யாரு நடந்தா? ரப்பர் பால் ஏத்துற லோரியில நான்தான் கொண்டுபோய் எறக்கினேன்!"

யார் சொல்வதை எழுதுவது? காஞ்சனாவுக்குத் தலை சுற்றியது. பேசாமல் பக்கிரிசாமியைக் கடைக்கே அழைத்துவந்து பிரேமாவதி முன்னால் உட்காரவைத்தாள்.

"அண்ணே, உங்க லோரிய நான் கண்ணாலகூட பாக்கல!"

"நீ எப்படிம்மா பாப்ப? நான் ஏத்தினது தோட்டத்து மேல் பக்கம், மேல் டிவிஷன் ஆளுங்களத்தானே!"

பிரேமாவதியின் கரண்டி அப்படியே நின்றது. "நாங்க கீழ் டிவிஷன்... போனப்பவே அங்க ஒரு கூட்டம் உக்காந்திருந்துச்சு. பங்களாவுல வேல செய்றவங்கன்னுல்ல நெனச்சேன்!"

"அப்ப ரெண்டு பக்கமும் வந்திருக்கோமா?" என்று பக்கிரிசாமி எழுந்தே விட்டார்.

இத்தனை வருடம் ஆளுக்குப் பாதியாக வைத்திருந்த ஒரு நாள், காஞ்சனாவின் கண்ணெதிரே முழுசாகிக்கொண்டிருந்தது.

தொழிற்சாலை ஓய்வு நேரத்தில், கைப்பேசியில், கட்டைவிரல் வலிக்க எழுதினாள். தொடக்கம் சரிவராமல் அழித்து அழித்து எழுதினாள். கடைசியில் நாசி லெமாக் கடையில் நடந்த அந்தச் சண்டையிலிருந்தே ஆரம்பித்தாள். பிறகு எழுத்து நிற்கவில்லை.

கட்டுரை கிடைத்ததும் ஷாஹீதாவே அழைத்தார். "ஒரே மூச்சுல படிச்சேன். அலோர் ஸ்டார்ல மாணவர் கருத்தரங்கு இருக்கு. நீங்கதான் முதல்ல வாசிக்கிறீங்க."

மேடையில் காஞ்சனா முதல் பத்தியைத் தட்டுத்தடுமாறி வாசித்தாள். அதற்குப் பின் அரங்கமே வாளிகளோடு நடந்தது. வாசித்து முடித்ததும், கைதட்டலுக்கு நடுவே, கடைசி வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அக்கா, எங்கம்மாவும் அந்தத் தோட்டந்தான். அவங்க வேற மாதிரி சொல்வாங்க..."

காஞ்சனா மேடையை விட்டுக் கிட்டத்தட்டக் குதித்தே இறங்கினாள். "எங்க இருக்காங்க உங்கம்மா? இன்னிக்கே பாக்கலாமா?"