பூஜ்யம் போட்ட விடைத்தாள்

பத்தொன்பது வருடங்களில் 1,140 பிள்ளைகள். அத்தனை பேருக்கும் திறனறித் தேர்வு வைத்தவர் இந்த ஆசிரியை. ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளில் யார் படு கெட்டிக்காரர் என்று கண்டுபிடித்து, சிறப்பு வகுப்புக்கு அனுப்புவது அவர் வேலை. முகங்கள் பெரும்பாலும் மறந்துவிட்டன. ஒன்று மட்டும் போன மாதத்திலிருந்து விடாமல் துரத்துகிறது.

மூன்று வருடங்களுக்கு முன் தேர்வுக்கு வந்தபோது அந்தப் பெண்ணுக்கு வயது பத்து; ஆங்கிலம் பேசும் இந்த நாட்டுக்கு வந்து ஐந்தே மாதம். வகுப்பில் அவளை ஊமைக்கோட்டான் என்பார்கள். தேர்வில் வடிவங்களின் வரிசையைப் பார்த்து, அடுத்து வர வேண்டிய படம் எதுவென்று கீழே தந்த நான்கு படங்களில் குறிக்க வேண்டும். விதிமுறையை ஆங்கிலத்தில் ஒருமுறைதான் வாசிக்கலாம். அறைக்குள் வேறு மொழியே கூடாது. அவளைப் போலவே ஆசிரியைக்கும் தமிழ்தான் தாய்மொழி. பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஆசிரியை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

தாளில் ஒரு குறிகூட இல்லை, ஓரமெல்லாம் கிறுக்கல். பூஜ்யம் போட்டு அலமாரியில் வைத்தார்.

போன மாதம் பழைய தாள்களை அழிக்க எடுத்தபோதுதான் கிறுக்கலை உற்றுப் பார்த்தார். தவறான படம் ஒவ்வொன்றும் சரியான விடையாகும்படி, அதற்கென்று ஒரு புது வரிசையை வரைந்திருந்தாள். பன்னிரண்டு கேள்விகள், முப்பத்தாறு புது வரிசைகள். சரியான விடைக்கு மட்டும் எதுவும் வரையவில்லை. அதற்குத்தான் வரிசை ஏற்கெனவே இருக்கிறதே.

அன்றிலிருந்து குளியலறை ஓடுகளில், பேருந்து இருக்கைத் துணியில், மூடிய கண்ணுக்குள் அந்த வரிசைகள்தான்.

"தரையில என்னத்தைத் தேடுற? என் தலையிலருந்து கொட்டின முடியையா?" என்றார் கணவர்.

"ஒரு பிள்ளையைத் தொலைச்சிட்டேங்க."



அந்தப் பெண் இன்னும் அதே பள்ளியில்தான், மதிப்பெண் குறைந்தவர்களுக்கான கடைசிப் பிரிவில். ஆசிரியை அவளை வராந்தாவில் நிறுத்தித் தாளைக் காட்டினார்.

"நீ வரைஞ்சதுதானே, கண்ணு?"

"ஆமா டீச்சர். இப்பல்லாம் அப்படிப் பண்றதில்ல."

"ஏன்மா?"

"கேட்டதுக்கு மட்டும் பதில் எழுதுன்னு சொன்னாங்க."

"யாரு?"

"நீங்கதான். அன்னைக்கு வெளியே வந்தப்புறம், தமிழ்லயே சொன்னீங்க."

அவருக்கு அது நினைவில்லை.

அன்றே தன் பிழையை எழுதி, அவளுக்கு மறுதேர்வு கேட்டுத் தலைமை ஆசிரியரிடம் நீட்டினார். "ஆறிப்போன விஷயத்தை எதுக்கும்மா கிளறுறீங்க?" என்று இழுத்தடித்தவர், நான்காம் நாள் கையெழுத்திட்டார்.

மறுதேர்வு வியாழன் காலை ஒன்பது மணிக்கு. விதிமுறையைத் தமிழில் வாசிக்க வேறு பள்ளியிலிருந்து ஒருவர் வருகிறார். பிழையை எழுதிக் கொடுத்த ஆசிரியைக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை.